உடற்பயிற்சிக்கூடத்தில் சேருமுன்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

"நாள்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று புறநோயாளர் பிரிவில் நாங்கள் சொல்லாத நாளில்லை. அதைக் கேட்டுச் செல்வோரில் சிலர் மறுவாரமே ஒரு ஜிம்மில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுகின்றனர். எந்த இடத்தில் சேரலாம், அங்கே எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை நாங்களும் விளக்குவதில்லை, அவர்களும் கேட்பதில்லை. இந்தக் குறையைப் போக்கவே இவ்விதழின் பாடத்தை எழுதுகிறோம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறுகிறோம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டோம். ஆர்.கே.பேட்டை வட்டாரத்தைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளர் ஒருவர். வயது நாற்பதைத் தாண்டியவர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உட்கொள்பவர். மகன் தன் முதல் மாதச் சம்பளத்தில், சலுகை விலையில் கிடைத்ததென்று, தந்தையை ஓராண்டுக்கு ஒரு ஜிம்மில் சேர்த்துவிட்டார். அங்கே அவருடைய பெயரையும் கைப்பேசி எண்ணையும் கேட்டார்கள். நோய் பற்றி எவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கியபோது தலைசுற்றலும் நெஞ்சில் இறுக்கமும் ஏற்பட்டன. "புதிதாக வருவோருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிற்கு நடந்தே சென்று படுத்துக்கொண்டார். இரவில் வலி கூடிய பின்னரே எங்களிடம் அழைத்துவரப்பட்டார். இதயத் தமனி ஒன்றில் அடைப்பு இருந்தது. உரிய சிகிச்சையால் பிழைத்தார்.

அவர் கண் விழித்ததும் மகன் கேட்ட கேள்வி இது: "நான் அப்பாவை ஜிம்மில் சேர்த்தது தவறா?" தவறில்லை. தந்தை உடலை அசைக்க வேண்டும் என்று மகன் நினைத்தது சரியே. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் பிழை நேர்ந்தது.

தறியில் நிற்பது பயிற்சியாகுமா?

"நாள் முழுவதும் தறியில் நிற்கிறேனே, எனக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?" என்று ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பகுதி நெசவாளர்கள் கேட்பதுண்டு. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் போய்வரும் தொழிலாளர்களும் இதையே கேட்கின்றனர். கேள்வி நியாயமானது.

இதற்கு இலண்டன் நகரில் நடந்த ஆய்வொன்று விடை தருகிறது. ஜெர்மி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர்கள் நாள் முழுவதும் அமர்ந்திருந்தனர். நடத்துநர்களோ மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தனர். நடத்துநர்களிடையே இதயத் தமனி நோய் குறைவாகக் காணப்பட்டது. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் பட்டுவாடா செய்த தபால்காரர்களுக்கும், அமர்ந்து எழுத்துவேலை பார்த்தோருக்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடே தெரிந்தது. ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தனர் என்பதையும் அக்குழுவினர் பின்னர்க் கண்டறிந்தனர். ஆகவே வேறுபாடு முழுவதற்கும் வேலை ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் அசைவு இதயத்தைக் காக்கிறது என்னும் அடிப்படைக் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதி செய்துள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நடத்துநரைக் காத்தது நின்றது அன்று; படியேறியது. தறியருகே மணிக்கணக்கில் நிற்பதால் கால் வலிக்கும், நரம்பு புடைக்கும், களைப்பு வரும். இதயத் துடிப்பு போதிய அளவு கூடாது. எனவே உழைப்பாளிகளுக்கும் தனியே பயிற்சி வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பின்பற்றலாம். வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி செய்ய வேண்டும். இத்துடன் வாரத்தில் 2 நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை. 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் 3 நாள், விழாமல் நிற்க உதவும் சமநிலைப் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் 5 நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் வேகமாக நடந்தால் முதல் இலக்கை எட்டிவிடலாம். தசைப் பயிற்சிக்குத்தான் பலருக்கு ஜிம் உதவுகிறது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை நேரடியாக ஈர்த்துப் பயன்படுத்துவதால், சர்க்கரை நோயாளிக்குத் தசைப் பயிற்சி மிகவும் பயனுள்ளது.

முதற்படி: நம்மை நாமே கேட்கும் ஏழு கேள்விகள்

ஜிம்மைத் தேடுமுன் நம் உடலின் நிலையை அறிய வேண்டும். பயிற்சி தொடங்குவோரிடம் கேட்பதற்காகக் கனடா நாட்டில் உருவாகி, இன்று உலகெங்கும் பயன்படும் ஒரு வினாப்பட்டியல் உண்டு. அதன் சாரத்தை எங்கள் சொற்களில் தருகிறோம்.

1. இதய நோய் அல்லது உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவர் கூறியுள்ளாரா?
2. ஓய்விலோ, வேலையிலோ, நடக்கும்போதோ நெஞ்சு வலிக்கிறதா?
3. தலைசுற்றித் தடுமாறியதோ, கடந்த ஓராண்டில் நினைவிழந்ததோ உண்டா?
4. சர்க்கரை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு நாட்பட்ட நோய் உண்டா?
5. அத்தகைய நோய்க்காக மாத்திரை உட்கொள்கிறீர்களா?
6. அசைவால் மோசமாகக்கூடிய மூட்டு, எலும்பு, தசைக் கோளாறு உண்டா?
7. மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே பயிற்சி செய்ய வேண்டும் என்று எப்போதாவது சொல்லப்பட்டதா?

ஏழுக்கும் "இல்லை" என்பது விடையானால் மெதுவாகத் தொடங்கலாம். ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால், பணம் கட்டுமுன் மருத்துவரைப் பாருங்கள். "ஆம்" என்பதற்குப் பயிற்சி கூடாது என்று பொருளன்று. எவ்வளவு, எந்த வகை என்று கேட்டறிந்து தொடங்க வேண்டும் என்பதே பொருள். நாங்கள் மேலே கூறிய தொழிலாளருக்கு மூன்று கேள்விகளுக்கு "ஆம்" என்னும் விடை இருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நோய்க்கேற்ற எச்சரிக்கைகள்

*இரத்த அழுத்தம்:* மூச்சை அடக்கி எடை தூக்கினால் இரத்த அழுத்தம் அந்நொடியில் வெகுவாக உயரும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுவதும், இறக்கும்போது உள்ளே இழுப்பதும் சரியான முறை. பத்து, பதினைந்து முறை எளிதாகத் தூக்கக்கூடிய சிறு எடையே உங்களுக்கு ஏற்றது.

*சர்க்கரை நோய்:* இன்சுலின் போடுவோருக்கும், சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரை உட்கொள்வோருக்கும் பயிற்சியின்போதோ, சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை திடீரென இறங்கலாம். தொடங்குமுன் அளவு 100-க்குக் கீழே இருந்தால் சிறிது உணவு உண்டபின் தொடங்குங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் உடனே நிறுத்தி அதை உட்கொள்ளுங்கள். வெறுங்காலுடன் பயிற்சி செய்யாதீர்கள். முடிந்ததும் பாதங்களைப் பாருங்கள். விழித்திரையில் பாதிப்பு உள்ளோர் கண் மருத்துவரைக் கேளாமல் எடை தூக்கக் கூடாது.

*இதயச் சிகிச்சை பெற்றோர்:* இதய அறுவைச் சிகிச்சையில் பிளந்து இணைக்கப்பட்ட நெஞ்செலும்பு கூடுவதற்கு மாதங்கள் ஆகும். ஸ்டென்ட் வைத்தோருக்கும் மருத்துவர் அனுமதிக்கும் நாள் உண்டு. இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்கி, பின்னரே வெளியில் சேர வேண்டும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோர் ஓடுபொறி காட்டும் துடிப்பு எண்ணை நம்ப வேண்டாம். "பேச முடிகிறது, பாட முடியவில்லை" என்னும் நிலையே மிதமான பயிற்சிக்கு எளிய அளவுகோல்.

*மூட்டுவலி:* தொடைத் தசை வலுவடைந்தால் முழங்காலின் சுமை குறையும். ஆகவே வலியுள்ளோர் முற்றிலும் ஓய்ந்திருப்பது நல்லதன்று. நிலையான மிதிவண்டி ஓடுபொறியைவிட ஏற்றது.

இரண்டாம் படி: இடத்தை நேரில் பார்த்தல்

விளம்பரத்தட்டியைப் பார்த்துச் சேராதீர்கள். நீங்கள் எந்த நேரத்தில் பயிற்சி செய்யப்போகிறீர்களோ அதே நேரத்தில் ஒருநாள் போய் அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். காலை 11 மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் இடம் மாலை 7 மணிக்கு நிற்க இடமின்றி இருக்கலாம்.

*தூரமும் நேரமும்:* ஆர்.கே.பேட்டையில் வசிப்பவர் சிறந்த கருவிகளைத் தேடித் திருத்தணிக்கோ சோளிங்கருக்கோ சென்று சேர்ந்தால், முதல் மாதம் போவார். மழைக்காலம் வந்ததும் நின்றுவிடுவார். வீட்டிற்கோ வேலைக்கோ போகும் வழியில் உள்ள எளிய இடமே தொடர்ந்து பயன்படும். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புவோர் உறங்காத உடலோடு எடை தூக்க வேண்டாம். உறங்கி எழுந்தபின் செல்வதற்கு இடம் திறந்திருக்குமா என்று கேளுங்கள்.

*பயிற்சியாளர்:* இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. அவருடைய கைத்தசையின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் முதல் நாள் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். நோய், மாத்திரை, பழைய காயம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்பவர் நல்லவர். எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என்று நீங்களும் கேட்கலாம். தகுதியுடையவர் அதற்குக் கோபப்பட மாட்டார். இருபது வயது இளைஞருக்கும் ஐம்பது வயதுப் பெண்மணிக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பவரையும், "வலித்தால்தான் பலன்" என்பவரையும், "மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்பவரையும் விட்டு விலகுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் பொறுப்பு.

*கருவிகள்:* எண்ணிக்கையைவிடப் பராமரிப்பே முக்கியம். கம்பிவடம் நைந்துள்ளதா, ஓடுபொறியில் அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா, எடைத்தட்டுகள் நடைபாதையில் சிதறிக் கிடக்கின்றனவா, மின்கம்பிகள் மூடியுள்ளனவா என்று பாருங்கள். மிகக் குறைந்த எடைகளும் அங்கே இருக்க வேண்டும். அவை இல்லாத இடம் தொடக்க நிலையினரையும் முதியோரையும் நினைத்து அமைக்கப்பட்டதன்று.

*காற்றும் நீரும்:* கோடையில் திருத்தணி வட்டாரத்தின் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நாம் அறிந்ததே. தகரக் கூரையின் கீழ், சன்னலற்ற அறையில் பயிற்சி செய்தால் உடல் நீரிழந்து மயக்கம் வரும். நீர்மாத்திரை உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். காற்றோட்டம், குடிநீர், தூய கழிப்பறை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இருக்கைகளைத் துடைக்கத் துணி உள்ளதா என்றும் பாருங்கள். வியர்வை படிந்த இருக்கையால் படர்தாமரை பரவும்.

*பெண்களுக்கு:* தனி நேரமோ தனிப் பகுதியோ உண்டா, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, உடைமாற்றும் அறை பாதுகாப்பானதா, திரும்பிவரும் வழியில் விளக்கு உண்டா என்று கேளுங்கள். மாதவிடாய் நின்ற பின் எலும்பு தேய்வதால், எடைப் பயிற்சி ஆண்களுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

*ஆபத்து நேரம்:* "இங்கே ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று உரிமையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே, நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முறையை அறிந்தவர் யார், ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்பவற்றுக்குத் தயக்கமின்றி விடை வர வேண்டும். சிரித்து மழுப்பினால் அதுவே உங்களுக்கு விடை.

*பணம்:* ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் கட்டுங்கள். நோய்வாய்ப்பட்டால் நாட்களை நீட்டித் தருவார்களா, இடையில் நின்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெறுங்கள். இரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். முழுப் பணம் கட்டிவிட்டோமே என்னும் எண்ணத்தால், காய்ச்சலோடும் வலியோடும் பயிற்சிக்குச் செல்வோரை நாங்கள் பார்க்கிறோம்.

மாவும் ஊசியும்

சில இடங்களில் பயிற்சியைவிடப் புரதமாவு விற்பனையே பெரிதாக நடக்கிறது. பெரும்பாலோருக்கு முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன் ஆகியவையே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் புரதமாவைத் தொடக்கூடாது. வாங்குவதாயினும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் டப்பாவில் உள்ளதா என்று பாருங்கள்.

ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு வேறு வகை ஆபத்து. விரைவில் உடம்பு ஏறும் என்று ஆசை காட்டுவார்கள். அது இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும்; ஆண்களின் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். காவலர் தேர்வுக்கு ஓட்டமும் கயிறு ஏறுதலும் பழகும் இளைஞர்களின் பெற்றோர் இதைத் தனிக் கவனத்துடன் படிக்க வேண்டும். அத்தகைய பொருள் விற்கும் இடத்தில் ஒருநாளும் இருக்க வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார், பயிற்சிக்குப் பின் நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டு, 46-ஆம் வயதில் பெங்களூரில் காலமானார். அச்செய்தி கேட்டு ஜிம்முக்குப் போவதையே நிறுத்தியோர் உண்டு. அது சரியான பாடமன்று. முறையாகப் பயிற்சி செய்வோருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. கட்டான உடல் இருந்தாலும் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பதும், உடல் தரும் அறிகுறியைப் புறக்கணிக்கக் கூடாது என்பதுமே நாம் கொள்ள வேண்டிய பாடங்கள்.

நெஞ்சில் வலி, அழுத்தம், எரிச்சல், இடக்கை, தோள், தாடை, மேல்வயிற்றில் பரவும் வலி, அளவு மீறிய மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், ஒழுங்கற்ற படபடப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்தி அமருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். "வாயு" என்று எண்ணிச் சோடா குடிக்க வேண்டாம். இருசக்கர வாகனத்தைத் தாமே ஓட்டிச் செல்லவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மாரடைப்பு என ஐயுறுவோருக்கான முதற்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழங்கும் திட்டம் 2023 முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. தொலைவிலுள்ள ஊரில் இருப்போர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜிம் இல்லாமலும் முடியும்

பணமோ நேரமோ இடந்தராதோர் வருந்த வேண்டியதில்லை. தமிழக அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. அது தொலைவானால் பள்ளி மைதானமும் ஏரிக்கரையும் போதும். தசைப் பயிற்சிக்கு, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமருங்கள். சுவரில் கையூன்றித் தண்டால் எடுங்கள். ஒரு லிட்டர் நீர்ப் புட்டிகளைத் தூக்கி இறக்குங்கள்.

நம் பகுதியில் திருத்தணி மலையின் 365 படிகளும், சோளிங்கர் மலையின் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகளும் உள்ளன. படியேறுவது நல்ல பயிற்சி. ஆனால் அது கடும் பயிற்சி. சில வாரம் நடந்து பழகிய பின்னரே, இடையிடையே நின்று ஏறுங்கள். நோயாளிகள் வேண்டுதலின்பொருட்டு ஒரே மூச்சில் ஏற முயல வேண்டாம்.

குடும்பத்தினருக்கு

தாய் தந்தையை ஜிம்மில் சேர்க்க விரும்பும் பிள்ளைகளே, பரிசாகச் சேர்க்கை அட்டையைக் கொடுக்குமுன் அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதல் வாரம் உடன் செல்லுங்கள். அவர்களுடைய நோய்களையும் மாத்திரைகளையும் வீட்டுக் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். அதை வாங்கிப் படிக்க அவர் மறுத்தால், அன்றே வேறு இடம் தேடுங்கள்.

பாடச் சுருக்கம்

- முதலில் ஏழு கேள்விகள். "ஆம்" இருந்தால் மருத்துவர். அதன் பின்னரே ஜிம்.
- அருகில் உள்ள, காற்றோட்டமான, நோயைக் கேட்டறியும் பயிற்சியாளர் உள்ள இடமே ஏற்றது.
- ஒரு மாதப் பணம் மட்டும், இரசீதுடன்.
- மூச்சை அடக்காதீர்கள்; மாத்திரையை நிறுத்தாதீர்கள்; மாவுக்கும் ஊசிக்கும் மயங்காதீர்கள்.
- நெஞ்சில் அசௌகரியம் என்றால் நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள்.

நாங்கள் தொடக்கத்தில் கூறிய தொழிலாளர் இப்போது நலமாக உள்ளார். சில மாதம் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் பழகிய பின், வீட்டிற்கு அருகிலுள்ள வேறொரு சிறிய ஜிம்மில் சேர்ந்தார். அங்கே கருவிகள் குறைவு. ஆனால் சேர்ந்த அன்று பயிற்சியாளர் கேட்ட முதற்கேள்வி, "ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதாம். மறுபரிசோதனைக்கு வந்தபோது மகன் இதைச் சொன்னார். நீங்கள் சேரப்போகும் இடத்திலும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா என்று பாருங்கள்.